தறி நின்றால் விழித்துக்கொள்பவர்

எங்கள் வண்டியில் இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்துச் சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். சூடு அடிக்கும். சத்தம் காதை அடைக்கும். அவர் அங்கேதான் உட்காருவார். பின்னால் பாதி வண்டி காலியாக இருந்தாலும் அங்கேதான்.

நான் கம்பெனி பஸ் ஓட்டுகிறேன். பள்ளிப்பட்டில் எடுத்து, பொதட்டூர்பேட்டை, திருத்தணி, திருவள்ளூர் வழியாக ஆட்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் இறக்கிவிட வேண்டும். கார் சாமான் செய்கிற கம்பெனி. ஷிப்ட் விட்டதும் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதிய ஷிப்ட், ஒரு வாரம் நைட். ஆட்களுக்கும் அப்படி, எனக்கும் அப்படி.

அவர் என் வண்டியில் வந்தது சில வருஷம். பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பொதட்டூர்பேட்டைக்காரர், வீட்டில் பாதி தெலுங்கு. வண்டியில் எல்லாருக்கும் அவர் பாவா, தெலுங்கில் அத்தான். என்னைவிடச் சின்னவர்தான். நானும் பாவா என்றே கூப்பிட்டேன். அவருக்கு நான் நைனா.

நைட் முடிந்து காலையில் ஏறுகிறவர்கள் கம்பெனி கேட்டைத் தாண்டும் முன்னே தூங்கிவிடுவார்கள். கண்ணாடியில் பார்த்தால் மழைக்குச் சாய்ந்த நெல் மாதிரி இருக்கும். வளைவில் திருப்பினால் மொத்தமும் அந்தப் பக்கம் சாயும். வாய் திறந்திருக்கும். கழுத்தில் கம்பெனி அட்டை ஆடும். நான் மட்டும் தூங்கக்கூடாது. என் வேலை அது.

அவர் சாய மாட்டார். நேராக உட்கார்ந்தபடியே தூங்குவார். ஒரு கை இன்ஜின் பெட்டிமேல் இருக்கும். அந்தக் கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் அசைந்துகொண்டே இருக்கும். முதலில் எனக்குப் புரியவில்லை. அறுந்த நூலை முடிச்சுப் போடுகிற விரல் அது. தூக்கத்திலும் போட்டுக்கொண்டிருப்பார்.

வழியில் ஒரு ரயில் கேட் உண்டு. மூடியிருந்தால் இன்ஜினை நிறுத்திவிடுவேன். டீசல் வீண் என்று முதலாளி சத்தம் போடுவார். நிறுத்திய அடுத்த நொடி அவர் கண் திறந்துவிடும். மற்றவர்கள் எல்லாம் கிடப்பார்கள். பக்கத்துத் தண்டவாளத்தில் எக்ஸ்பிரஸ் அலறிக்கொண்டு போகும். ஒருவருக்கும் தெரியாது. அவர் மட்டும் முழித்துக்கொண்டு என்னைப் பார்ப்பார்.

"இன்னா நைனா, நூல் அந்துபோச்சா?"

"கேட்டு பாவா."

"ஆங்."

கேட் திறந்து நான் சாவியைத் திருகினால் போதும். ரெண்டாவது கியருக்குப் போகும் முன் அவர் தூங்கியிருப்பார்.

இது வண்டியில் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. ஸ்டோர்ஸில் வேலை செய்யும் குமார் என்று ஒருவன். வாய் சும்மா இருக்காது. முழித்திருக்கிற நாட்களில் என்னிடம் கண்ணைக் காட்டுவான். நான் சமதரையில் ஒரு நொடி இன்ஜினை நிறுத்துவேன். அவர் திடுக்கென்று எழுவார். வண்டியே சிரிக்கும். அவரும் சிரிப்பார்.

"பொறந்ததுலருந்து அப்படி நைனா. எங்கம்மா தறிக் கொட்டாயிலயே சீலையில ஏணை கட்டி தூங்க வுட்டுச்சு. நாலு தறி ஓடும். ஓடற வரைக்கும் தூங்குவேன். நின்னா எழுந்துக்குவேன். கொஞ்சம் வளந்தப்புறம் நூல் அந்து தறி நின்னா எங்கப்பா கத்துவாரு, எழுந்து போயி முடிச்சு போடணும். தறி ஓடுதுன்னா எல்லாம் சரியா கீதுன்னு அர்த்தம். நின்னாதான் பயம்."

நைட் வாரத்தில் அவர் வீட்டுக்குப் போய் ரெண்டு வாய் சாப்பிட்டு, தறிக்கு அந்தப் பக்கச் சுவர் ஓரம் பாய் போட்டுப் படுப்பார். அண்ணன் தறி ஓட்டுவார். இவர் சாயங்காலம் வரைக்கும் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார். கரண்ட் போனால்தான் வினை. மாதத்துக்கு ஒருநாள் மராமத்து என்று பகல் முழுக்கக் கரண்டை நிறுத்துவார்கள். அன்றைக்கு ஊரே அமைதியாகிவிடும். அவர் கண் சிவக்க வண்டி ஏறுவார்.

"இன்னிக்கு உங்கூர்ல கரண்ட் இல்லியா பாவா?" என்பாள் சரளா. பள்ளிப்பட்டுக்காரி, வெல்டிங் லைனில் வேலை. அவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

"தூக்கம்ன்றது மாப்ள மாரிம்மா," என்பார். "வா வான்னா பிகு பண்ணுவான். கண்டுக்காம இருந்தா தானா வந்து எலைல உக்காந்துக்குவான்."

அவருக்கு பிரஸ் ஷாப்பில் வேலை. தகட்டை வைத்தால் மேலேயிருந்து பெரிய அச்சு இறங்கி அடிக்கும். நாள் முழுக்க தொம் தொம் என்று இருக்கும். அங்கே தூக்கம் வராமலிருக்க வாயில் கிராம்பு போட்டு அடக்கிக்கொள்வார். பக்கத்தில் உட்கார்ந்தால் கிராம்பு வாசனை அடிக்கும். பல் டாக்டர் கிட்ட போய்ட்டு வந்தியா என்று குமார் கேட்பான்.

அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

மகளுக்குத் திருத்தணியில் நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. அதற்காக ஊர் மாறுவது என்று முடிவு செய்தார்கள். அவர் மனைவிக்கு இன்னொரு நினைப்பும் இருந்தது. ராத்திரி முழுக்க வேலை செய்துவிட்டு வருகிற மனுஷன், பகலில் இந்தத் தறிச் சத்தத்தில் படுக்கிறாரே என்று அந்த அம்மாவுக்கு ரொம்ப நாளாக வருத்தம். சொந்தக்காரர்களும் அதையே சொன்னார்கள். அமைதியான வீடாகப் பார் என்றார்கள். பார்த்தார்கள். மலைக்குப் பின்பக்கம் ஒரு முட்டுச் சந்து. பஸ் போகாது. ஆட்டோகூட அபூர்வம். ஒரு தறி கிடையாது. கிருத்திகை அன்றுகூட மலை மைக் சத்தம் அங்கே லேசாகத்தான் கேட்கும்.

வண்டியில் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். "இனிமே ராஜா மாரி தூங்கு பாவா," என்றான் குமார். நானும் நல்லது என்றேன். அவரும் சிரித்தார். தறி நின்றால் முழிப்பதை நாங்கள் விளையாட்டு என்று நினைத்தோம். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

முதல் வாரம் தூக்கம் வரவில்லை. ஊர் மாற்றம் என்றார். அடுத்த நைட் வாரமும் வரவில்லை. சூடு உடம்பு என்று எண்ணெய் தேய்த்துக் குளித்தார். வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி பழைய வண்டியை விற்றுப் புது வண்டி வாங்கினார். கண்ணாடி எல்லாம் மூடி, ஏசி. இன்ஜின் ஓடுவதே உள்ளே தெரியாது. எனக்கு சுகம். அவர் ஏறினார், பழைய இடத்தில் உட்கார்ந்தார், பக்கத்தில் கையை வைத்தார். சூடும் இல்லை, அதிர்வும் இல்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து வண்டியிலும் அவர் தூங்கவில்லை.

ஒருநாள் காலையில் சாப்பாட்டுப் பையை வண்டியில் விட்டுவிட்டார். திருத்தணியில்தான் நான் வண்டியைப் போடுகிறேன். பையைக் கொடுக்கலாம் என்று நடந்து போனேன். சந்து முனையில் காய்கறி வண்டிக்காரர் ஒருவர் தள்ளிக்கொண்டு வந்தார். கூவவில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். பெண்கள் சத்தமில்லாமல் வந்து கத்தரிக்காய் பொறுக்கினார்கள்.

"ஏன், தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கேட்டேன்.

அவர் என் காதருகே வந்து, "கடேசி வூட்ல கம்பெனிக்காரர் தூங்குறாரு," என்றார்.

சந்து முழுக்க அந்த அம்மா சொல்லி வைத்திருந்தது. எல்லாரும் நல்ல மனுஷர்கள். சொன்னபடி நடந்தார்கள். வீட்டு வாசலில் மணி பித்தானை அந்த அம்மாவே கழற்றிவிட்டிருந்தது. குக்கர் விசில் அடிக்கிறது என்று பானையில் சோறு வடித்தது. ஃபேன் கிறீச் என்கிறது என்று எண்ணெய் விட்டிருந்தது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. மகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வாசல் தாண்டும்.

அந்த அம்மா உதட்டில் விரல் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தது. பையை நீட்டினேன்.

"தூங்குறாரா?" என்றேன், மெல்ல.

"படுத்துகினு கீறாருண்ணா," என்றது, அதைவிட மெல்ல.

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "முழிச்சிகினுதான் கீறேன் நைனா. உள்ள வா."

போனேன். இருட்டில் கண்ணைத் திறந்தபடி மல்லாந்து கிடந்தார்.

"பாரு, இன்னா அமைதியா கீது," என்றார். "மூச்சு வுட்றது கூட கேக்குது."

"நல்லதுதானே."

"ஆங். நல்லதுதான்." ஒரு பக்கமாகப் புரண்டார். "எப்பவும் எதுவோ நின்னுபோச்சுன்ற மாரியே கீது நைனா. எழுந்து போயி பாக்கணும்னு தோணுது. போயி பாத்தா ஒண்ணும் இல்ல."

அந்த அம்மா கதவோரம் நின்றுகொண்டிருந்தது. அதன் முகத்தை நான் பார்த்தேன். புருஷன் தூங்க வேண்டும் என்று ஒரு சந்து முழுவதையும் வாயடைத்து வைத்த பெண். அதனிடம் போய் என்ன சொல்வது. நானும் வந்துவிட்டேன்.

அண்ணன்காரருக்கு விஷயம் போனது. அவர் புத்திசாலி. தறி ஓடுகிற சத்தத்தை போனில் பதிவு செய்து அனுப்பினார். அதை வைத்துக்கொண்டு படு என்றார். பாவா ஒரு வாரம் வைத்துப் பார்த்தார்.

"எப்படி?" என்று கேட்டேன்.

"அது செத்த தறி நைனா," என்றார். "நூலே அறல. இத்தன நேரம் ஒரு தறி அறாம ஓடுமா? இப்ப அறும், இப்ப அறும்னு கேட்டுகினே கெடக்கறேன். யாரும் கிட்ட நிக்கலன்னு தெர்து. தறி ஓடுதுன்னா யாரோ முழிச்சிகினு பாத்துக்கறாங்கன்னு அர்த்தம். அதான நம்ம தூங்கறோம். போனு யாரு பாத்துக்கறாங்க?"

பிறகு பொதட்டூர்பேட்டைக்கே போய்ப் படுத்தும் பார்த்தார். பழைய பாய், பழைய சுவர் ஓரம். அண்ணன் நாலு தறியும் ஓட்டினார். அங்கேயும் தூக்கம் வரவில்லை. அது வேறு எங்கோ போய்விட்டது. "மாப்ள கோச்சிகினு போயிட்டான்," என்றார். சொல்லும்போது சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஆள் மாறினார்.

முதலில் பேச்சு அதிகமானது. வழி முழுக்க என்னிடம் பேசினார். சொன்னதையே சொன்னார். பிறகு பேச்சே நின்றது. வண்டி எங்கே நின்றாலும் சீட்டை விட்டு எழுந்து, "ஏன் நின்னுச்சு?" என்பார். வேகத்தடைக்கு மெதுவாகப் போனாலும் எழுவார். சட்டையில் ஒரு பித்தான் மாறிப் போட்டிருப்பார். தலை வாராமல் வருவார். வார விடுமுறை நாளில் ஒருதரம் வந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். இன்னைக்கு லீவு பாவா என்றேன். அப்படியா என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். விரல் ரெண்டும் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தது. முன்னே தூக்கத்தில் போடுவார். இப்போது முழித்திருக்கும்போதே.

குமாருக்கு இது புரியவில்லை. பழைய மாதிரியே விளையாடினான். ஒருநாள் காலை வண்டியில், எல்லாரும் களைத்து ஏறிய நேரம், உரக்கச் சொன்னான்.

"பாவாவ சோளிங்கர் இட்டுகினு போயி கொளத்துல முக்கி எடுக்கணும்ப்பா. அப்பதான் சரியாவும்."

எங்கள் பக்கத்தில் அந்தப் பேச்சுக்கு ஒரே அர்த்தம்தான். புத்தி பேதலித்தவர்களைத்தான் சோளிங்கர் கூட்டிப்போய் குளத்தில் முழுக வைப்பார்கள். ரெண்டு பேர் சிரித்தார்கள். அவர் எழுந்து போய்க் குமார் சட்டையைப் பிடித்துவிட்டார். ஜன்னலோடு சேர்த்து அழுத்தினார். நான் வண்டியை ஓரம் கட்டினேன்.

சரளாதான் நடுவில் புகுந்தாள். "வுடு பாவா, வுடு. டேய் குமாரு, உன் வாயில மண்ணு. மனுசன் படறது தெர்ல உனக்கு?"

அவர் விட்டார். வந்து படியில் உட்கார்ந்தார். நான் கதவைத் திறந்து வைத்தேன், காற்றுக்காக. குமார் கழுத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு வண்டியை எடுத்தேன். அன்றைக்கு யாரும் தூங்கவில்லை. தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குச் சில நாள் கழித்து, நைட் வாரத்தின் கடைசிக் காலை. திருத்தணி வருகிறது. அவர் இறங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னே என் பக்கம் குனிந்தார்.

"ஒண்ணு சொல்லட்டா நைனா. யாருக்கும் சொல்லாத."

"சொல்லு."

"மிஷின் நின்னுச்சு. தகடு சிக்கிகிச்சு போல. நின்னா போயி பாக்கணும்ல. கைய உள்ள வுட்டேன். ஆஃப் பண்ணல, ஒண்ணும் பண்ணல, வுட்டேன். பக்கத்து மிஷின்காரன் சட்டைய புடிச்சி இழுத்தான். இல்லன்னா போயிருக்கும்."

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"மறந்துட்டு வுட்டேன்னு அவன்கிட்ட சொன்னேன்," என்றார். "மறக்கல நைனா. கை போனா ஆஸ்பத்திரில படுக்க வெப்பாங்க. மயக்க ஊசி போடுவாங்க. தூங்கலாம்னு தோணுச்சு."

அவர் நிறுத்தம் வந்தது. நான் நிறுத்தவில்லை. மிச்சம் இருந்த ஆட்களை அவரவர் ஊரில் இறக்கினேன். அவர் எழுந்து ஏன் என்று கேட்கவில்லை. பள்ளிப்பட்டில் வண்டி காலியானது. திருப்பிக்கொண்டு நேராகத் திருத்தணி அரசு ஆஸ்பத்திரிக்கு வந்து வாசலில் நிறுத்தினேன். அவ்வளவு பெரிய வண்டியைப் பார்த்துக் காவல்காரர் ஓடி வந்தார். கல்யாணப் பஸ்ஸா என்று கேட்டார்.

மனநல டாக்டர் அங்கே வாரத்தில் ஒருநாள்தான். புதன்கிழமை. அன்று சனி. பொது டாக்டர் பார்த்தார். சொன்னதைக் கேட்டார். மிஷின் பக்கம் போகவே கூடாது, தனியாக விடக்கூடாது, புதன்கிழமை கட்டாயம் வர வேண்டும் என்று சொன்னார்.

வீட்டில் அந்த அம்மாவிடம் நான்தான் சொன்னேன். அவரை வைத்துக்கொண்டே சொன்னேன். அது உட்கார்ந்துவிட்டது.

"பைத்தியத்துக்குப் பாக்கற டாக்டராண்ணா? வெளிய தெரிஞ்சா பொண்ணு இருக்குதே. எங்க நாத்தனாரு சோளிங்கர் போலான்றாங்க."

அவர்தான் பதில் சொன்னார். "அங்கயும் போலாம். கொளம் எங்கயும் போயிடாது. டாக்டரு புதன்கெழமதான் வருவாராம்."

ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் பேச்சில் பழைய ஆள் கொஞ்சம் தெரிந்தார். அந்த அம்மா அழுதுகொண்டே சிரித்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டது, சத்தம் கேட்கக்கூடாதே என்ற பழக்கத்தில்.

புதன்கிழமை நானும் கூடப் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. படுத்தால் என்ன நினைப்பு வருகிறது என்று கேட்டது. தறியைச் சொன்னார். ஏணையைச் சொன்னார். சந்து முழுக்க வாயை மூடியிருப்பதைச் சொன்னார். மிஷினில் கை விட்டதையும் சொன்னார். டாக்டரம்மா சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. எல்லாம் கேட்டபிறகு சொன்னது.

"தூக்கம் மட்டும் இல்லைங்க. மனசும் ரொம்ப சோர்ந்துபோயிருக்கு. வாராவாரம் ஷிப்ட் மாறினா உடம்புக்கு எது பகல், எது ராத்திரின்னே தெரியாது. நீங்க தறிச் சத்தத்தை வெச்சு எப்படியோ ஓட்டிட்டீங்க. இப்ப அது போச்சு. மாத்திரை நிறுத்தாம சாப்பிடணும். நைட் வேணவே வேணாம். செத்துடலாம்னு எப்ப தோணினாலும் உடனே வரணும், புதன்கிழமைக்குக் காத்திருக்கக் கூடாது." பிறகு வெளியே இருந்த அவர் மனைவியைக் கூப்பிட்டு, "வீட்ல சாதாரணமா இருங்கம்மா, குக்கர்ல சமைங்க," என்றது.

மாத்திரை உடனே வேலை செய்யவில்லை. வாய் உலர்ந்தது. தலை கனத்தது. லீவு போட்டு வீட்டில் இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கம் எட்டிப் பார்த்தது. ஆனால் லீவு தீர்ந்துகொண்டு வந்தது. கம்பெனியில் நைட் வேண்டாம் என்று கேட்க வேண்டும். கேட்டால் ஏன் என்பார்கள். மனசுக்கு மருந்து சாப்பிடுகிறவன் என்று தெரிந்தால் பிரஸ்ஸில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வேலையே இல்லை என்றுகூடச் சொல்லலாம். மகள் படிப்பு, வாடகை எல்லாம் அந்த வேலையில்தான் நின்றது.

லீவு முடிந்து காலை ஷிப்டுக்கு வந்தார். மிஷின் கிட்ட போகாதே என்று டாக்டர் சொன்னதால், முதலில் ஆபீசுக்குப் போவதாகச் சொன்னார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று வண்டிக்கே கவலை. குமார் பின்னாலிருந்து எழுந்து வந்து அவர் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றான். சட்டை பிடித்த நாளுக்குப் பிறகு ரெண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை.

"பாவா, மூலம்னு சொல்லு."

"இன்னாது?"

"மூலம் பாவா. நைட்ல உக்கார முடில, டாக்டர் வேணாம்னு சொன்னாருன்னு சொல்லு. மூலத்துக்கு எவனும் மறுகேள்வி கேக்க மாட்டான். காட்டுன்னா சொல்லப்போறான்?"

வண்டி சிரித்தது. அவரும் சிரித்தார். "நல்ல ரோசனதான்டா," என்றார்.

கம்பெனி வாசலில் கடைசியாக இறங்கினார். இறங்கும்போது என் தோளை ஒருதரம் தொட்டுவிட்டுப் போனார்.

அன்று பகல் முழுக்க நான் வண்டி நிறுத்தும் இடத்தில் இருந்தேன். அந்த நேரத்தில்தான் நான் தூங்க வேண்டும். சீட்டில் படுத்தேன். கண்ணை மூடினேன். எழுந்து உட்கார்ந்தேன். டீ குடித்தேன். மறுபடி படுத்தேன்.

ஷிப்ட் விட்டு எல்லாரும் ஏறினார்கள். அவர் கடைசியில் வந்தார். வழக்கமாக இந்நேரம் பாதிப் பேர் தலை தொங்கியிருக்கும். இன்று எல்லாரும் முழித்திருந்தார்கள். அவர் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

குமார்தான் கேட்டான். "இன்னா பாவா, மூலம்னு சொன்னியா?"

"இல்ல."

"பின்ன?"

"மனசு சரியில்லன்னு சொன்னேன். மாசக்கணக்கா தூக்கம் இல்ல, கைய மிஷின்ல வுட போனேன், மனநல டாக்டர் கிட்ட மாத்திரை சாப்டுகினு கீறேன்னு சொன்னேன்."

எல்லாத் தலையும் முன்பக்கம் திரும்பியது.

"ஏன் பாவா சொன்ன?" என்றான் குமார்.

"மூலம்னா நைட்ட மட்டும் எடுப்பாங்க. மிஷின எடுக்க மாட்டாங்க. அதுகிட்ட திரும்பப் போவ பயமா இருந்துச்சுடா."

"அவுங்க இன்னா சொன்னாங்க?"

"பிரஸ்லருந்து எடுத்துட்டாங்க. பேக்கிங்ல போட்டாங்க. பகல் மட்டும். மூணு மாசம் பாத்துட்டு அப்புறம் வெச்சிக்கறதா வேணாமான்னு சொல்வாங்களாம்."

அவ்வளவுதான். நான் வண்டியை எடுத்தேன். யாரும் தூங்கவில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லியிருக்கக் கூடாதோ என்று யோசிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. முகம் அப்படி இருந்தது.

கொஞ்ச தூரம் போயிருக்கும். கண்ணாடியில் பார்த்தேன். சரளா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். என் பக்கத்தில் வைத்திருக்கும் தண்ணீர் கேனைத் திறந்தாள். குடிக்கவில்லை. அவரைப் பார்க்காமல், கேனைப் பார்த்தபடி கேட்டாள்.

"அந்த டாக்டரம்மா எந்தக் கெழம வராங்க பாவா?"

அவர் திரும்பிப் பார்த்தார். யாருக்கு என்று கேட்கவில்லை.

"புதன்."

"சீட்டு எப்ப குடுப்பாங்க?"

"காலைலயே போயிடணும். கூட்டமா இருக்கும். நான் வேணா சொல்லி வெக்கறேன்."

"ஆங்," என்றாள். மூடியைப் போட்டுவிட்டுப் பின்னால் போய்விட்டாள்.

திருவள்ளூரில் குமார் இறங்க வேண்டும். படிவரைக்கும் வந்தவன் நின்றான். பின்னால் ஒருதரம் பார்த்தான். பிறகு என் காதருகே குனிந்தான்.

"அண்ணா, புதன்தான சொன்னாரு?"

"ஆங். புதன்," என்றேன்.

இறங்கினான். கதவை மூடினேன்.